விலாசம் ஒட்டும் வேலை

தமிழ்ச் சங்க இதழ் என்றால் அதில் எழுதியவர்களைப் பாராட்டுகிறோம். அட்டைப் படத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்கிறோம். அந்த இதழை உறுப்பினர் வீட்டு வாசல் வரை கொண்டு சேர்க்கிற இரண்டரை அங்குலக் காகிதத் துண்டைப் பற்றி மட்டும் யாரும் பேசக் காணோம். அந்தத் துண்டில் ஓர் இலக்கம் தவறினால் போதும், எழுதியவர், அச்சிட்டவர், மடித்தவர் எல்லாருடைய உழைப்பும் "ஆள் இல்லை" என்ற தபால்காரரின் குறிப்போடு திரும்பி வந்துவிடும்.

"எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாமே சார், இந்தத் தபால் தலைவலி எதற்கு?" என்று இளைய அன்பர்கள் கேட்கிறார்கள். அனுப்பலாம்தான். ஆனால் நம் இதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விடாமல் படிப்பவர்கள் பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்கள். கைப்பேசித் திரையில் பொடி எழுத்தைப் படிக்க அவர்களுக்குக் கண் ஒத்துழைப்பதில்லை. மூன்று இதழ் தொடர்ந்து வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்கவும் மாட்டார்கள். 'நம்மை மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது' என்று நினைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடுவார்கள். ஆகவே இந்த வேலையைச் சரியாகச் செய்யும் முறையை விவரமாக எழுதுகிறேன். கம்ப்யூட்டரும் பிரிண்டரும் உள்ள எந்த வீட்டிலும் செய்யக்கூடியதுதான்.

கையால் விலாசம் எழுதிய காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். 1980களின் கடைசியில் ஆபீசுகளுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது வேர்ட்ஸ்டார் என்ற மென்பொருளில் மெயில்மெர்ஜ் என்று ஒரு வசதி இருந்தது. விலாசங்களை ஒரு கோப்பில் காற்புள்ளி இட்டு வரிசையாக அடித்து வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொரு கோப்பில் புள்ளியில் தொடங்கும் இரண்டு கட்டளைகள்: 'டிஎஃப்' என்றால் பட்டியல் எந்தக் கோப்பில் இருக்கிறது, 'ஆர்வி' என்றால் அதில் என்னென்ன விவரம் எந்த வரிசையில் இருக்கிறது. பிறகு பெயர் வர வேண்டிய இடத்தில் இரண்டு '&' குறிகளுக்கு நடுவே 'பெயர்' என்று போட்டால், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கிரீச் கிரீச்சென்று ஓரத்தில் துளையிட்ட தொடர்தாளில் லேபிள்களை அடித்துத் தள்ளும். இன்றைய வேர்டும் லிப்ரே ஆபீசும் செய்வது இதே காரியம்தான். பட்டியல் வேறு, லேபிளின் அமைப்பு வேறு. இரண்டையும் கம்ப்யூட்டர் சேர்க்கிறது. இதை மனத்தில் வாங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பலர் செய்வது என்னவென்றால், வேர்டில் ஓர் அட்டவணை போட்டு ஒவ்வொரு கட்டத்திலும் முழு விலாசத்தையும் நேரடியாக அடித்துவிடுகிறார்கள். முதல் மாதம் நன்றாகத்தான் இருக்கும். நடுவில் ஓர் உறுப்பினர் சேர்ந்தாலோ விலகினாலோ அத்தனை கட்டமும் நகர வேண்டும். பின்கோடு வாரியாக வரிசைப்படுத்தவே முடியாது.

பட்டியல்தான் வேலை

எக்செல் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க், எதுவானாலும் சரி. முதல் வரியில் தலைப்புகள். ஒவ்வொரு விவரத்துக்கும் தனி நெடுவரிசை. உறுப்பினர் எண், திரு அல்லது திருமதி, இனிஷியல், பெயர், கதவு எண், தெரு, பகுதி, ஊர், பின்கோடு, தொலைபேசி, கடைசியாகச் சரிபார்த்த தேதி. இனிஷியலைத் தனியாக வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 'எஸ். ராமன்', 'ராமன் எஸ்.', 'எஸ்.ராமன்' என்று ஒரே ஆள் மூன்று பேராகப் பதிவாகி, ஒரே வீட்டுக்கு மூன்று இதழ் போவதை இது தடுக்கும்.

நம் ஊருக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது, அதைச் சொல்லியாக வேண்டும். ஐதராபாத், செகந்திராபாத் கதவு எண்கள் வார்டு, பிளாக், வீடு என்று மூன்று எண்களும் நடுவில் கோடுகளுமாக இருக்கும். 1-8-45 என்று எக்செலில் அடித்துப் பாருங்கள். அது வீட்டு எண் என்று எக்செலுக்கு எப்படித் தெரியும்? தேதி, மாதம், ஆண்டு என்று எடுத்துக்கொண்டு 1945ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் தேதியாக்கிவிடும். இதைக் கண்டுபிடித்துப் பிறகு 'டெக்ஸ்ட்' என்று மாற்றினால் இன்னும் வேடிக்கை. 16650 என்று ஓர் எண் வந்து நிற்கும். எக்செல் 1900 ஜனவரி முதல் தேதியை 1 என்று வைத்து நாட்களை எண்ணிக்கொண்டு வருகிறது. அந்தக் கணக்குதான் இது. தபால்காரர் 16650 என்ற கதவு எண்ணைத் தேடி எங்கே போவார்? ஆகவே ஓர் எழுத்துக்கூட அடிக்கும் முன்பே கதவு எண் நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து, 'ஃபார்மட் செல்ஸ்' என்ற இடத்தில் 'டெக்ஸ்ட்' என்று வைத்துவிடுங்கள். ஏற்கெனவே தேதியாகிவிட்டவற்றை மறுபடி அடிப்பதுதான் வழி. இதில் இன்னொரு லாபமும் உண்டு. வெறும் எண்களுக்கு நடுவே '12ஏ' போன்ற கதவு எண் கலந்திருந்தால், வேர்டுக்குள் போகும்போது அந்த இடத்தில் சில சமயம் 0 வந்துவிடும். 'டெக்ஸ்ட்' என்று வைத்து அடித்த பட்டியலில் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்து பின்கோடு. 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த இந்த ஆறிலக்க முறைக்கு வித்திட்டவர் ஸ்ரீராம் பிகாஜி வேலண்கர். மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சகத்தில் கூடுதல் செயலாளராக இருந்தவர், சம்ஸ்கிருதக் கவிஞரும்கூட. ஒரே பெயரில் பல ஊர்கள், பல மொழிகளில் விலாசங்கள் என்றிருந்த குழப்பத்துக்கு அவர் கண்ட தீர்வு இது. முதல் இலக்கம் மண்டலம்: 5 என்றால் தெலங்கானா, ஆந்திரம், கர்நாடகம், 6 என்றால் தமிழ்நாடு, கேரளம், 9 ராணுவத்துக்கு. முதல் மூன்று இலக்கங்கள் தபால் பிரிக்கப்படும் மாவட்டத்தைக் காட்டும். கடைசி மூன்று பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தைக் காட்டும். செகந்திராபாத் 500003, லாலாகுடா 500017, மல்காஜ்கிரி 500047. திருச்சி பொன்மலை 620004. அந்தப் பொன்மலையை அவசரத்தில் 260004 என்று அடித்துவிட்டால் இதழ் உத்தரப்பிரதேசத்துக் கட்டில் போய்ச் சேரும். தெருப் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தால் தபால்காரர் அனுபவத்தால் சரிசெய்துகொள்வார். பின்கோட்டின் முதல் மூன்று இலக்கங்களில் பிழை என்றால், அந்தத் தெருவை அறிந்த தபால்காரர் கைக்கே அது வராது. 'டேட்டா வேலிடேஷன்' என்ற வசதியில் 'நீளம் ஆறு இலக்கம்' என்று வைத்துவிட்டால் ஐந்தோ ஏழோ அடிக்கும்போது கம்ப்யூட்டர் தடுத்துவிடும். இலக்கங்கள் இடம் மாறுவதை அது பிடிக்காது. ஒருவர் படிக்க ஒருவர் சரிபார்ப்பதுதான் வழி.

பழைய பட்டியல்களில் 'சென்னை - 11' என்று மட்டும் இருக்கும். அதை 600011 என்று முழுதாக ஆக்குங்கள். 'மெட்ராஸ்' என்று இன்னும் இருந்தால் 1996க்குப் பிறகு யாரும் அந்த விலாசத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை என்று பொருள். 'ஏ.பி.' என்று போட்ட செகந்திராபாத் விலாசங்களும் அப்படியே. தெலங்கானா தனி மாநிலமாகி 2014 ஜூன் 2 முதல் எத்தனையோ வருஷமாகிறது. மாநிலப் பெயர் பழையது என்பதற்காக இதழ் நிற்காது. ஆனால் அப்படிப்பட்ட விலாசத்தில் ஆள் இருக்கிறாரா என்பதையே சந்தேகிக்க வேண்டும்.

திரும்பி வருவதில் ரயில்வே குவார்ட்டர்ஸ் விலாசத்துக்குத் தனி இடம் உண்டு. தென் மத்திய ரயில்வே 1966இல் செகந்திராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு உருவானபோது தென்னக ரயில்வேயின் பகுதிகளும் அதில் சேர்ந்தன. நம்மவர்கள் கணிசமாக இங்கே வந்து குவார்ட்டர்ஸ்களில் குடியிருந்தார்கள். ரிடையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்வார்கள். மெஸ்ஸில் சொல்வார்கள், கோயிலில் சொல்வார்கள், சங்கத்துக்குச் சொல்ல மறந்துவிடுவார்கள். பட்டியலில் ஓய்வு பெறும் மாதத்துக்கு ஒரு நெடுவரிசை வைத்து, அதற்கு மூன்று மாதம் முன்பே போன் செய்து புது விலாசம் கேட்பது நல்லது.

உறுப்பினர் காலமாகிவிட்டால் என்ன செய்வது என்பதையும் எழுதிவிடுகிறேன். செய்தி கிடைத்ததும் பெயரை அழித்துவிடுவது ஒரு வகை. ஒன்றும் செய்யாமல் வருஷக்கணக்கில் அவர் பெயருக்கே அனுப்பிக்கொண்டிருப்பது இன்னொரு வகை. இரண்டும் சரியில்லை என்பது என் கருத்து. சில வீட்டில் அம்மையார், "அவர் பேரிலேயே வரட்டும்" என்கிறார்கள். சிலருக்கு உறையில் அந்தப் பெயரைப் பார்க்கவே தாங்குவதில்லை. கொஞ்ச நாள் கழித்து ஒரு பெண் உறுப்பினர் நேரில் போய்க் கேட்டுவிட்டு வந்து, அதன்படி பட்டியலில் மாற்ற வேண்டும்.

தாளை அளந்து பாருங்கள்

கடையில் ஏ4 ஸ்டிக்கர் தாள் என்று கேட்டால் ஒரு தாளில் 24, 21, 14 லேபிள்கள் என்று பல வகை கொடுப்பார்கள். 400 விலாசத்துக்கு 24 லேபிள் தாள் என்றால் 17 தாள் போதும். 21 என்றால் 20 தாள். 24 லேபிள் தாளில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 64 மில்லிமீட்டர் அகலம், 34 மில்லிமீட்டர் உயரம். பத்துப் புள்ளி எழுத்தில் ஆறு வரி அடித்தால் ஓர் அங்குலம், அதாவது 25.4 மில்லிமீட்டர் ஆகும். மேலும் கீழும் கொஞ்சம் இடம் மிஞ்சும். அடுக்குமாடிக் கட்டிடப் பெயர், பிளாக், காலனி என்று நீளும் விலாசங்களுக்கு 14 லேபிள் தாளே நிம்மதி.

மென்பொருளில் பல கம்பெனித் தாள்களின் அளவு தயாராகவே இருக்கும். நம் கடைத் தாள் அதில் இல்லாவிட்டால் 'நியூ லேபிள்' என்று கொடுத்து அளவுகளை நாமே போட வேண்டும். இங்கேதான் பெர்மனென்ட் வே வேலை பார்த்த அனுபவம் எனக்குக் கைகொடுக்கிறது. ஸ்லீப்பர்களை ஒவ்வொன்றாக முந்தையதிலிருந்து அளந்து வைத்துக்கொண்டே போனால் சிறு பிழைகள் சேர்ந்து தண்டவாளத்தின் மறுமுனையில் பெரிய பிழையாக நிற்கும். லேபிளும் அப்படித்தான். ஒரு லேபிளை ஸ்கேலில் அளந்து 34.5 என்று போட்டீர்கள், உண்மையில் 34 என்று வையுங்கள். முதல் வரிசையில் ஒன்றும் தெரியாது. எட்டாவது வரிசைக்குப் போகும்போது மூன்றரை மில்லிமீட்டர் கீழே இறங்கி, பின்கோடு தாளுக்கு வெளியே போய்விடும். ஆகவே முதல் லேபிளின் மேல் விளிம்பிலிருந்து எட்டாவது லேபிளின் மேல் விளிம்பு வரை ஒரே அளவாக எடுத்து ஏழால் வகுங்கள். அதுதான் 'வெர்டிகல் பிட்ச்'. குறுக்கிலும் இதேபோல முதல் லேபிளின் இடது விளிம்பிலிருந்து மூன்றாவதின் இடது விளிம்பு வரை அளந்து இரண்டால் வகுத்தால் 'ஹாரிஸான்டல் பிட்ச்'. மேல் ஓரம், இடது ஓரம், லேபிளின் அகலம், உயரம், குறுக்கே எத்தனை, நெடுக எத்தனை, இவ்வளவுதான்.

வேர்டில் வழி இது. 'மெயிலிங்ஸ்' பகுதியில் 'ஸ்டார்ட் மெயில் மெர்ஜ்', அதில் 'லேபிள்ஸ்'. அளவுகளைக் கொடுத்ததும் கட்டங்கள் வரும். 'செலக்ட் ரெசிபியன்ட்ஸ்' மூலம் நம் பட்டியலைக் காட்ட வேண்டும். முதல் கட்டத்தில் மட்டும் 'இன்சர்ட் மெர்ஜ் ஃபீல்ட்' கொண்டு பெயர், கதவு எண், தெரு என்று அதனதன் இடத்தில் வைத்து, பிறகு 'அப்டேட் லேபிள்ஸ்' அழுத்த வேண்டும். இதை அழுத்த மறந்தால் முதல் கட்டத்தில் மட்டும்தான் விலாசம் வரும். மற்றக் கட்டங்களின் தொடக்கத்தில் 'நெக்ஸ்ட் ரெக்கார்ட்' என்று ஒரு சொல் தானாக நிற்கும். அசிங்கமாக இருக்கிறதே என்று அதை அழித்துவிடாதீர்கள். 24 லேபிளிலும் ஒரே ஆசாமியின் விலாசம் வந்துவிடும். கடைசியில் 'ஃபினிஷ் அண்ட் மெர்ஜ்', அதில் 'எடிட் இண்டிவிஜுவல் டாகுமென்ட்ஸ்'. அச்சிடும் முன் எல்லா லேபிளையும் திரையில் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். காசு கொடுத்து வாங்காத லிப்ரே ஆபீசில் 'ஃபைல்', 'நியூ', 'லேபிள்ஸ்' என்று போக வேண்டும். அதற்கு முன் பட்டியலைத் தரவு மூலமாக ஒருமுறை பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அச்சிடும்போது இரண்டு இடத்தில் கவனம். தாள் அளவு 'லெட்டர்' என்று இருந்தால் 'ஏ4' என்று மாற்றுங்கள். அமெரிக்கர்களின் லெட்டர் தாள் ஏ4ஐவிட 17 மில்லிமீட்டருக்கு மேல் குட்டை. பிடிஎஃப் ஆக்கி அச்சிட்டால் 'ஃபிட்' என்பதை எடுத்துவிட்டு 'ஆக்சுவல் சைஸ்' என்று வையுங்கள். இல்லாவிட்டால் பக்கம் முழுவதையும் சில சதவீதம் சுருக்கிவிடும். 3 சதவீதம் என்றால்கூட ஏ4 நீளத்தில் 9 மில்லிமீட்டர். முதலில் சாதாரணத் தாளில் அடித்து, ஸ்டிக்கர் தாளோடு சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எழுத்து எங்கே விழுகிறதென்று தெரிந்துவிடும். பாதி உரித்த ஸ்டிக்கர் தாளை லேசர் பிரிண்டரில் மறுபடி விடக் கூடாது. உள்ளே சூட்டில் லேபிள் கழன்று உருளையில் ஒட்டிக்கொண்டால் மெக்கானிக் செலவு, லேபிளின் விலையைப்போல நூறு மடங்கு ஆகும். இங்க்ஜெட்டில் அடித்தால் மை தண்ணீரில் கரையும். மழைக்காலத்தில் தபால் பை நனையும் என்பதை நினைவில் வைத்து லேசரிலேயே அடிப்பது உத்தமம்.

தமிழிலா, ஆங்கிலத்திலா?

"தமிழ்ச் சங்கம் தமிழில் விலாசம் எழுதாமல் வேறு யார் எழுதுவார்கள்?" என்று சிலர் கேட்கிறார்கள். உணர்ச்சி நியாயமானது. ஆனால் நாம் பெட்டியில் போடும் உறையை முதலில் கையில் எடுத்துப் பிரிப்பவர் இங்குள்ள ஊழியர். அவருக்குத் தெலுங்கு தெரியும், ஆங்கிலம் தெரியும், இந்தி தெரியும். தமிழ் தெரிய வேண்டிய அவசியமில்லை. பெயரைத் தமிழில் ஒரு வரியும் ஆங்கிலத்தில் ஒரு வரியும் அடித்து, தெருவையும் ஊரையும் ஆங்கிலத்தில் வைத்து, பின்கோட்டைக் கடைசி வரியில் தடித்த எழுத்தில் பெரிதாகப் போடுவதே என் யோசனை. தன் பெயரைத் தமிழில் பார்க்கிற சந்தோஷம் பெறுபவருக்கு. வழி தெரிகிற சௌகரியம் தபால்காரருக்கு.

தமிழில் அடிக்கும்போது யூனிகோட் எழுத்துரு மட்டுமே பயன்படுத்துங்கள். விண்டோஸில் நிர்மலா கூடவே வருகிறது. 1990களில் ஒவ்வொரு தமிழ் மென்பொருளுக்கும் ஒவ்வோர் எழுத்துக் குறியீடு. அப்படி அடித்த பழைய பட்டியலை அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் பேய் பிடித்ததுபோல் எழுத்துகள் நிற்கும். பட்டியலைச் சாதாரண சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தாலும் தமிழெல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். எக்செல் கோப்பாகவே வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்துக்கு மேலும் கீழும் இடம் அதிகம் வேண்டும். வரி உயரத்தை 'எக்ஸாக்ட்லி' என்று இறுக்கிவைத்தால் மேல் விசிறி வெட்டுப்படும்.

அச்சிடுவதற்குமுன் பட்டியலைப் பின்கோடு வாரியாக வரிசைப்படுத்திவிட்டால் லேபிள்களும் அதே வரிசையில் வரும். 500இல் தொடங்குபவை ஒரு கட்டு, 600 ஒரு கட்டு, மற்றவை ஒரு கட்டு என்று ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தால் அஞ்சலகத்தில் முகம் சுளிக்க மாட்டார்கள்.

பட்டியலை யார் வைத்திருப்பது என்பது அடுத்த விஷயம். ஒருவரின் கம்ப்யூட்டரில் மட்டும் இருந்தால் அது பழுதாகும் நாளில் சங்கமே முகவரி இழந்துவிடும். மாதத்துக்கு ஒரு நகல், கோப்பின் பெயரிலேயே ஆண்டும் மாதமும் இட்டு, பென் டிரைவில் வேறொரு பொறுப்பாளர் வீட்டில் இருக்க வேண்டும். அதேசமயம் அதை வாட்ஸ்அப் குழுவில் எல்லாருக்கும் போட்டுவிடாதீர்கள். தனியாக வசிக்கும் வயதானவர்களின் பெயர், வீட்டு எண், போன் நம்பர் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும் தாள் அது. யார் கைக்குப் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. லேபிள் அடிப்பவருக்குத் தொலைபேசி எண்கூடத் தேவையில்லை. அந்த நெடுவரிசையை நீக்கிய நகலைக் கொடுத்தால் போதும்.

திரும்பி வந்த உறைகளைக் குப்பையில் போடாமல் ஒரு நோட்டில் பதியுங்கள்: உறுப்பினர் எண், தேதி, தபால்காரர் எழுதிய காரணம். 'விலாசம் போதாது' என்றால் பெரும்பாலும் பிளாட் எண்ணோ, மாடியில் குடியிருப்பவர் என்றால் வீட்டுக்காரர் பெயரோ விட்டுப்போயிருக்கும். 'கதவு பூட்டியிருக்கிறது' என்றால் மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ வெளியூர் போயிருக்கலாம். பெயரை எடுக்க வேண்டாம், அடுத்த இதழையும் அனுப்பிப் பாருங்கள். 'வீடு மாறிவிட்டார்' என்றால் போன் செய்யுங்கள். அந்த எண்ணும் வேலை செய்யாவிட்டால் அவரைச் சங்கத்தில் சேர்த்துவிட்டவரைக் கேளுங்கள். இரண்டு இதழ் திரும்பி வந்து, மூன்று பேரிடம் விசாரித்தும் தகவல் இல்லையென்றால் மட்டுமே அனுப்புவதை நிறுத்தலாம். அப்போதும் வரியை அழிக்காமல் 'நிறுத்தம்' என்று குறித்து வையுங்கள்.

இந்த இதழ் வந்த உறையைக் கிழித்துப் போடுமுன் அதிலுள்ள லேபிளை ஒரு நிமிஷம் பாருங்கள். இனிஷியல் சரியா, பிளாட் எண் இருக்கிறதா, பின்கோடு உங்கள் அஞ்சலகத்தினுடையதுதானா? தவறு இருந்தால் லேபிளின் மூலையில் உள்ள உறுப்பினர் எண்ணைக் குறிப்பிட்டுச் சங்கத்துக்கு ஒரு கார்டு போடுங்கள். போன் செய்தாலும் சரி.